ரோமிலிருந்து சிசிலிக்கு ரயிலில் போவது வீண் வேலையா?

வீண் வேலை இல்லை. விமானத்தில் சிசிலித் தீவின் கட்டானியா நகரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம், ரயிலில் அதே தீவின் சிராகூசா நகரம் போய்ச் சேரப் பத்து மணி நேரத்துக்கு மேல். இந்தக் கணக்கை என்னிடமும் எல்லோரும் சொன்னார்கள். நீங்களும் ஒரு வார லீவில், வீட்டுப் பெரியவர்களோடு போகிறவராகத்தான் இருப்பீர்கள். நான் அம்மாவோடு போனேன். வயதானவரை ஒரு பகல் முழுக்க ரயிலில் உட்கார வைக்கலாமா என்று சொந்தக்காரர்கள் போனில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

காலையில் ரோம் டெர்மினியில் ஏறினோம். நாபோலி, சலேர்னோ தாண்டியபின் ரயில் கடலை ஒட்டி ஓடுகிறது. சுரங்கத்துக்குள் நுழைவதும் வெளியே வந்ததும் நீலமாகக் கடல் தெரிவதுமாகவே இத்தாலியின் தென்கோடியான கலாப்ரியா முழுக்கப் போகும்.

தீவுக்குக் கப்பல் கிளம்பும் வில்லா சான் ஜொவான்னி துறைமுகத்தில் ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலுக்குள் தள்ளுகிறார்கள். கப்பலின் வயிற்றுக்குள்ளேயே தண்டவாளம் இருக்கிறது. பெட்டி இருட்டுக்குள் மெதுவாக நகர்ந்தது, இரும்பு இரும்போடு மோதும் சத்தம் கேட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னடா, ரயிலையே கப்பல்ல ஏத்துறாங்க!” என்றார். மேல்தளத்துக்குப் போய், கீரையும் சீஸும் வைத்துப் பொரித்த சோற்று உருண்டையான அரான்சினி வாங்கிச் சாப்பிட்டோம்.

அங்கே நின்றபடி அம்மா தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தவர். போட் மெயிலில் தனுஷ்கோடி வரை ரயில், அங்கே இறங்கிக் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயலோடு அந்த வழியே போய்விட்டது. நான் கேட்டே இராத கதைகளை எல்லாம் மெசினா ஜலசந்தி நடுவில்தான் கேட்டேன். ஏற்றி இறக்கும் நேரத்தையும் சேர்த்தால் கடலைக் கடக்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். அதை நேர விரயம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சிராகூசாவில் ஒர்டிஜா தீவுக்குள் தங்குங்கள். ஆர்க்கிமிடீஸின் ஊர் இது. கிமு 212இல் ரோமானியர்கள் ஊரைப் பிடித்தபோது அவரையும் கொன்றார்கள். நான் அதிக நேரம் நின்றது கதீட்ரலில்தான். கிமு 5ஆம் நூற்றாண்டில் கட்டிய கிரேக்கத் தெய்வம் அதீனாவின் கோயில் தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி அதையே தேவாலயம் ஆக்கியிருக்கிறார்கள். அரபு ஆட்சியில் மசூதியாகவும் இருந்தது. முகப்பு மட்டும் 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டியது. பக்கத்துத் தெருவில் நடந்தாலே வெளிச்சுவரில் புடைத்து நிற்கும் தூண்களைப் பார்க்கலாம். உள்ளே அம்மா ஒரு தூணின் நீளப் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தார். கை முழுசாக உள்ளே அடங்கியது.

எனக்கு அங்கே ஆற்றாமைதான் வந்தது. எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் திருப்பணி என்ற பெயரில் கல்தரை மேல் டைல்ஸ் ஒட்டினார்கள். கல்வெட்டு இருந்த சுவரில் மணலை வீசியடித்து ‘சுத்தம்’ செய்தார்கள். எழுத்து தேய்ந்து மழுங்கிப் போயிற்று. கேட்டதற்கு, “பளிச்சுன்னு இருக்குல்ல?” என்றார்கள். வெள்ளைக்காரனைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். கொலோசியத்துக் கல்லைப் பெயர்த்து அரண்மனை கட்டியதும் இத்தாலிக்காரர்கள்தான், எனக்கும் தெரியும். என் கோபம் என் ஊர்க் கல்வெட்டுக்காக.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கையில் ஒரே நாள்தான் என்றால் விமானத்திலேயே போங்கள். மூன்று நாளாவது இருந்தால் பகல் ரயிலில், போகும் திசைக்கு வலப்பக்க ஜன்னலோரம் கிடைக்கிறதா என்று பாருங்கள். சிசிலியில் கப்பல் போய்ச் சேரும் மெசினா நகரம் தாண்டினால் கடல் இடப்பக்கம் வந்துவிடும், வலப்பக்கம் எட்னா எரிமலை. சாப்பாட்டையும் தண்ணீரையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். மெசினாவில் பலெர்மோ போகும் பெட்டிகளும் சிராகூசா பெட்டிகளும் பிரியும். அதனால் கப்பலின் மேல்தளத்திலிருந்து இறங்கி வரும்போது பெட்டி எண்ணைப் பார்த்து உங்கள் பெட்டியிலேயே ஏறுங்கள்.