ஒரே ஊருக்கு ஆறு டேக்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மழைக்காலம் வந்தால் மலையில் கேமராவை வெளியே எடுக்க முடியாது. இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் பழைய படங்களை அடுக்குவது பற்றித்தான்.

கோத்தகிரி வாசகர்: சுமார் 40 ஆயிரம் படம் சேர்ந்துவிட்டது. ஆல்பமாகப் பிரிப்பதா, டேக் (படத்தோடு ஒட்டி வைக்கும் தேடுசொல்) போடுவதா?

ஹெத்தையம்மன் பண்டிகையில் உங்கள் பாட்டி நிற்கும் படத்தை எந்த ஆல்பத்தில் போடுவீர்கள்? 'பண்டிகை'யிலா, 'பாட்டி'யிலா? இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் ஆல்பத்தைத் தேதிக்கு விட்டுவிடுங்கள். '2019-01-05 கோத்தகிரி' என்று வருடத்தை முன்னால் வைத்துப் பெயரிட்டால் தானாக வரிசைக்கு வரும். யார், எங்கே, என்ன என்பதெல்லாம் டேக்.

ஒரு எச்சரிக்கை. டிஜிகேம், லைட்ரூம் இரண்டும் படங்களை அடுக்கும் மென்பொருள். டிஜிகேமில் ஆல்பம் என்பது வட்டில் இருக்கும் ஃபோல்டரேதான். லைட்ரூம் கலெக்‌ஷனும் கூகுள் போட்டோஸ் ஆல்பமும் வெறும் பட்டியல். அங்கே அழித்த பழக்கத்தில் இங்கே ஆல்பத்தை அழித்தால் படமும் சேர்ந்து குப்பைத்தொட்டிக்குப் போகும்.

ஊட்டி வாசகி: ஊட்டி என்று தேடினால் 300 படம்தான் வருகிறது. ஆயிரத்துக்கு மேல் எடுத்திருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய டேக் பட்டியலைப் பார்த்தேன். ஊட்டி, உதகை, உதகமண்டலம், அப்புறம் ஆங்கிலத்தில் இரண்டு விதம். மென்பொருளுக்கு இவை ஐந்தும் வெவ்வேறு ஊர். ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஒவ்வொரு டேக்காகத் திறந்து, அதில் உள்ள படங்களை மொத்தமாகத் தேர்ந்து, சரியான டேக்கைக் கொடுத்த பிறகு பழையதை நீக்குங்கள். லைட்ரூம் என்றால் மாற்றுப் பெயர்களை எழுதவே ஒரு கட்டம் இருக்கிறது. நீலகிரி, அதற்குள் ஊட்டி, அதற்குள் தொட்டபெட்டா என்று அடுக்காக வைத்தால் இன்னும் நல்லது.

பட்டியலில் ஆறாவதாக ஒரு கிறுக்கல் இருந்ததே, அது பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய 'ஊட்டி'. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் இப்படித்தான் தெரியும். டேக்கை யூனிகோடில் மட்டும் தட்டுங்கள்.

குன்னூர் வாசகர்: லேப்டாப்பை ஃபார்மேட் செய்துவிட்டுப் படங்களைத் திரும்பப் போட்டேன். ஒரு டேக்கும் இல்லை. மென்பொருள் சரியில்லையா?

மென்பொருள் சரியாகத்தான் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு எத்தனையாவது தடவை பதில் எழுதுகிறேன் என்பது எனக்கே மறந்துவிட்டது.

நானும் இதில் மாட்டியவன்தான். வரையாடு படங்களுக்கு மூன்று மழைக்காலம் உட்கார்ந்து டேக் போட்டேன். ஆண், பெண், குட்டி, எந்த மேடு, எந்த மாதம் என்று ஒன்று விடவில்லை. கணினி படுத்துவிட்டது. பழுது பார்த்தவர், "படத்தை எல்லாம் எடுத்துட்டேன் சார்" என்றார். படத்தை எல்லாம் எடுத்துத்தான் இருந்தார். டேக் இருந்த தரவுத்தளம் வேறு ஃபோல்டரில் கிடந்தது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை.

நீங்கள் தட்டும் டேக் முதலில் போய் உட்காருவது மென்பொருளின் தரவுத்தளத்தில். லைட்ரூமில் அது கேட்லாக். டிஜிகேமில் தனி டேட்டாபேஸ் கோப்பு. படக் கோப்புக்குள்ளும் எழுது என்று நாம்தான் அமைப்பில் சொல்லி வைக்க வேண்டும். டிஜிகேமில் மெட்டாடேட்டா (படம் பற்றிய குறிப்புகள்) அமைப்புக்குள் போய் டேக் எழுதும் கட்டம் டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைத் தேர்ந்து கன்ட்ரோல்-எஸ், அல்லது கேட்லாக் அமைப்பில் மாற்றங்களைத் தானாக எழுதும் வசதி.

எழுதியதா என்று எப்படி நம்புவது? ஒரு ஜேபெக் படத்தைப் பென் டிரைவில் போட்டு வேறொரு விண்டோஸ் கணினியில் செருகுங்கள். ரைட் கிளிக் செய்து, பிராபர்ட்டீஸில் டீட்டெயில்ஸைத் திறந்தால் டேக் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உங்கள் உழைப்பு இன்னும் அந்த ஒரே கணினியில்தான் இருக்கிறது. கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா கோப்பு என்றால் டேக் பெரும்பாலும் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற சின்னக் கோப்பில் இருக்கும். படத்தை நகர்த்தும்போது அதை அநாதையாக விட்டுவிட்டு வராதீர்கள். நகர்த்துவதையும் மென்பொருளுக்கு உள்ளிருந்தே செய்யுங்கள். வெளியே ஃபோல்டரை மாற்றிவிட்டு, "லைட்ரூம் கேள்விக்குறி காட்டுகிறது" என்று எனக்கு எழுதாதீர்கள்.

உங்களுக்கு: பழைய வட்டின் பேக்கப் எங்காவது இருந்தால் அதில் கேட்லாக் கோப்பைத் தேடுங்கள். இல்லை என்றால் மறுபடி முதலிலிருந்துதான். வருத்தம்தான், ஆனால் வேறு வழி இல்லை.

குன்னூர், இன்னொருவர்: இன்னும் பிகாசாதான் வைத்திருக்கிறேன். மாறணுமா?

கூகுள் தன் பழைய பட மென்பொருளான அதைக் கைவிட்டது 2016 மார்ச்சில். மாறுங்கள். ஜேபெக் படங்களில் போட்ட டேக் கோப்புக்குள்ளேயே இருப்பதால் கூடவே வரும். பிகாசா ஆல்பம் வராது. ஆகவே போகும் முன் ஒவ்வொரு ஆல்பத்தின் பெயரையும் டேக்காகப் போட்டுவிடுங்கள்.

கொடைக்கானல் வாசகி: 2006 குறிஞ்சியை ஃபிலிமில் எடுத்தோம். இப்போது ஸ்கேன் செய்தால் எல்லாம் இந்த வருடத்துப் படமாக வரிசையில் நிற்கிறது. 2018 குறிஞ்சிக்கு அப்புறம் வருகிறது!

மென்பொருள் ஸ்கேன் செய்த நாளைப் பிடித்துக்கொள்கிறது. எல்லாவற்றையும் தேர்ந்து, எடுத்த தேதியை 2006க்கு மாற்றுங்கள். நாள் நினைவில்லை என்றால் மாதம் மட்டும் சரியாக வைத்து, 'தேதி தோராயம்' என்று ஒரு டேக். பின்னால் யாராவது அதைச் சத்தியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த பூப்பு 2030ல் வரும், அதற்குள் முடித்துவிடலாம்.

மேட்டுப்பாளையம் வாசகர்: மலை ரயிலில் 600 படம். எது ஹில்குரோவ் ஸ்டேஷன், எது ரன்னிமேடு ஸ்டேஷன் என்றே தெரியவில்லை. கேமரா நேரமும் 12 மணி நேரம் தப்பு.

முதலில் நேரம். எல்லாப் படத்தையும் சேர்த்துத் தேர்ந்து 12 மணி நேரம் நகர்த்துங்கள், ஒவ்வொன்றாக வேண்டாம். பிறகு ரயில் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். பல்சக்கரப் பாதை கல்லாரில் தொடங்கிக் குன்னூரோடு முடிகிறது. நீராவி இன்ஜினைக் கழற்றி டீசல் மாட்டும் படம் எங்கே வருகிறதோ அதுதான் குன்னூர். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அடுத்த முறை போகும்போது கிளம்பும் முன் செல்போன் கடிகாரத்தை கேமராவில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். வித்தியாசம் எவ்வளவு என்று அதுவே சொல்லும்.

வாட்ஸ்அப்பில் வந்த குடும்பப் படங்களில் தேதி, இடம் எதுவும் இல்லையே?

வாட்ஸ்அப் அதைக் கழற்றிவிட்டுத்தான் அனுப்பும், படத்தையும் சுருக்கிவிடும். கோப்பின் பெயரில் இருக்கும் தேதி பெரும்பாலும் உங்களுக்கு வந்த நாள், எடுத்த நாள் அல்ல. டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

"போட்டோ எல்லாம் காணோம். அவசரம். என்ன செய்ய?"

எந்த மென்பொருள், போனா கணினியா, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று ஒரு வரி கிடையாது. ஊர்கூட இல்லை. அதைச் சொல்லாமல் நான் என்ன சொல்வது? அந்த வட்டில் இப்போதைக்கு எதையும் புதிதாக எழுதாதீர்கள். மற்றது அடுத்த கடிதத்துக்குப் பிறகு.

கூடலூர் வாசகர்: முகம் கண்டுபிடிக்கும் வசதி என் மாமாவையும் பெரியப்பாவையும் ஒரே ஆள் என்கிறது.

இருவரும் மங்கி குல்லாவில் இருக்கும் படங்களை மட்டும் விலக்கிவிட்டு மறுபடி ஓட விடுங்கள். ஒவ்வொருவருக்கும் பத்துப் பதினைந்து நல்ல படத்தில் பெயரை நீங்களே கொடுத்த பிறகு. அந்தப் பெயர்களையும் கோப்புக்குள் எழுதச் சொல்லிவிட்டீர்களா?