கணினி கேள்வி – பதில்: லினக்ஸில் ஸ்க்ரிவனர்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டு, பழகிய ஸ்க்ரிவனர் என்ற எழுத்து மென்பொருளை மட்டும் விட மனமில்லாதவர்களின் கேள்விகள் இந்த இதழில். பதில்கள் மின்ட் 22-ஐயும் ஸ்க்ரிவனர் 3-ஐயும் வைத்துச் சொல்லப்பட்டவை.

கேள்வி: தென் எல்லைப் போராட்டம் பற்றி ஒரு நூல் எழுதிவருகிறேன். அத்தியாயங்கள், ஆவணக் குறிப்புகள் எல்லாம் ஸ்க்ரிவனரில் இருக்கின்றன. மின்டில் வைன் நிறுவி, ஸ்க்ரிவனரின் நிறுவல் ஃபைலை டபுள் கிளிக் செய்தேன். நிறுவல் முடிந்தது. ஆனால் திறந்தால் ஒரு நொடி தலைகாட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. என்ன செய்வது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை

பதில்: டபுள் கிளிக்கில்தான் சிக்கல் தொடங்கியிருக்கிறது. வைன் என்பது கணினிக்குள் இன்னொரு விண்டோஸை ஓட்டுவதில்லை. மென்பொருள் விண்டோஸிடம் கேட்பதை வாங்கி, லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். 1993-இல் தொடங்கிய திட்டம் என்றாலும் விண்டோஸின் எல்லா உறுப்புகளும் அதில் இல்லை. ஸ்க்ரிவனர் 3 எதிர்பார்க்கும் இரண்டு உறுப்புகளில் அது தடுக்குகிறது. ஒன்று மைக்ரோசாஃப்டின் டாட்நெட் என்ற துணை உறுப்பு: உரிமம் சரிபார்க்கும் சாளரத்துக்கு அது தேவை, வைன் தானாகத் தரும் மோனோ என்ற மாற்று போதாது. மற்றொன்று, எழுதியதை வாசித்துக் காட்டும் பேச்சு உறுப்பு. அந்த வசதியை நீங்கள் தொடவே மாட்டீர்கள் என்றாலும், திறக்கும்போதே ஸ்க்ரிவனர் அதைத் தேடும், கிடைக்காவிட்டால் மூடிக்கொள்ளும்.

இரண்டையும் சேர்க்க வைன்டிரிக்ஸ் என்ற துணைக் கருவி வேண்டும். சாஃப்ட்வேர் மேனேஜரில் கிடைக்கும். கூடவே, மென்பொருள் பொதிகளைப் பட்டியலிடும் சினாப்டிக்கைத் திறந்து 'வைன்32' என்ற பொதி நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் கீழே சொல்வது எதுவும் நடக்காது.

வைன்டிரிக்ஸைத் திறந்ததும் புதிய வைன்பிரிஃபிக்ஸ் உருவாக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். பிரிஃபிக்ஸ் என்பது தனக்கென ஒரு சி டிரைவும் ரெஜிஸ்ட்ரியும் உள்ள ஃபோல்டர். வகை 32 பிட். பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், சின்னதாக. பிறகு அந்தப் பிரிஃபிக்ஸுக்குள் போய், விண்டோஸ் உறுப்பு நிறுவும் பட்டியலில் முதலில் 'டாட்நெட்48' மட்டும் டிக் செய்யுங்கள். அது முடிந்த பிறகு 'ஸ்பீச்எஸ்டிகே'. கடைசியாக எழுத்துருப் பட்டியலில் 'கோர்ஃபான்ட்ஸ்'. மூன்றையும் ஒரே மூச்சில் டிக் செய்யாதீர்கள். எது தவறியது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

டாட்நெட் நிறுவலுக்குப் பொறுமை வேண்டும். முதலில் 4.0, அதன்மேல் 4.8 என்று இரண்டு தடவை ஓடும். நடுவே திரை உறைந்ததுபோல் நிற்கும், கேன்சலை அழுத்தாதீர்கள். பாதியில் அறுந்தால் அதை ஒட்டவைக்கப் பார்ப்பது வெட்டிவேலை. பிரிஃபிக்ஸையே அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது விரைவு. தரவிறக்கிய ஃபைலின் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்று பிழை வந்தால் உங்கள் வைன்டிரிக்ஸ் பழையது. கிட்ஹப்பில் உள்ள அதன் பக்கத்திலிருந்து புதியதை எடுத்துப் போடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் 'வைன்சிஎஃப்ஜி' என்ற வைனின் அமைப்புச் சாளரத்தைத் திறந்து, விண்டோஸ் பதிப்பு 10 என்று மாற்றுங்கள். இதைக் கடைசியில் செய்யச் சொல்வதற்குக் காரணம், டாட்நெட் நிறுவும்போது வைன்டிரிக்ஸ் அந்த எண்ணைத் தன் வசதிக்கு மாற்றிவிடும்.

இனிதான் ஸ்க்ரிவனர். தயாரிப்பாளர் தளத்தில் 32 பிட் நிறுவியை எடுங்கள். அதை டபுள் கிளிக் செய்தால் பொதுவான, டாட்நெட் இல்லாத பிரிஃபிக்ஸுக்குள் போய் விழும்; உங்களுக்கு நடந்தது அதுதான். அதற்குப் பதில் வைன்டிரிக்ஸில் புதிய பிரிஃபிக்ஸைத் தேர்ந்தெடுத்து எக்ஸ்ப்ளோரரை ஓட்டுங்கள். அதில் இசட் டிரைவ் என்று தெரிவது உங்கள் லினக்ஸின் மொத்த டிஸ்க். அதன்வழியே டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குப் போய் நிறுவியைத் திறங்கள். இப்படி நிறுவினால் மின்ட் மெனுவில் வரும் ஐகான் சரியான பிரிஃபிக்ஸையே திறக்கும். தொடங்குமுன் டிஸ்கில் 5 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

கேள்வி: விண்டோஸில் வாங்கிய உரிமம் இங்கே செல்லுமா?
— வாசகி, இரணியல்

பதில்: செல்லும். வைன் வழியாக ஓடுவதும் விண்டோஸ் பதிப்புதான். பழைய விண்டோஸை அழிக்குமுன் அங்கே உரிமத்தை டிஆக்டிவேட் செய்துவிடுங்கள். புதிதாக வாங்குவோர் அவசரப்பட வேண்டாம். 30 நாள் இலவசச் சோதனையில், திறந்து பயன்படுத்திய நாள்கள் மட்டுமே கணக்கில் வரும். உங்கள் கணினியில் தமிழ் தட்டச்சு உட்பட எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: வைன் கோளாறு செய்ததால் அதன் ஃபோல்டரை அழித்துவிட்டுத் திரும்ப நிறுவினேன். கட்டுரைகளும் போயின, பேக்கப்பும் போயிற்று. பேக்கப் தனியாக இருக்கும் என்றல்லவா நினைத்தேன்?
— கல்லூரி மாணவர், குளச்சல்

பதில்: தனியாகத்தான் இருந்தது, ஆனால் அதே பிரிஃபிக்ஸுக்குள். ஸ்க்ரிவனர் தானாகத் தேர்ந்தெடுக்கும் பேக்கப் இடம் சி டிரைவில் பயனரின் 'ஆப்டேட்டா'வுக்கு அடியில். பிரிஃபிக்ஸை அழித்தால் அதுவும் சேர்ந்து போகும். ஆகவே நிறுவியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் பேக்கப் பகுதிக்குப் போய் இடத்தை மாற்றுவது. இசட் டிரைவ் வழியாக உங்கள் ஹோம் ஃபோல்டரில் ஒன்றைக் காட்டுங்கள். வைத்திருக்கும் பேக்கப்களின் எண்ணிக்கையை 25 ஆக்குங்கள். ஜிப் செய்யும் தேர்வு டிக்கில் இருக்கட்டும். நூலையும் அதேபோல ஹோமில் உள்ள டாக்குமென்ட்ஸில்தான் சேமிக்க வேண்டும். பிரிஃபிக்ஸ் எப்போது வேண்டுமானாலும் அழிக்கக்கூடியதாக இருப்பதே நல்லது; அதற்குள் நம் எழுத்து ஒரு வரிகூட இருக்கக் கூடாது.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரிவனரின் ஒரு நூல் என்பது ஒரு ஃபைல் அல்ல, ஒரு ஃபோல்டர். உள்ளே 'ஃபைல்ஸ்', அதற்குள் 'டேட்டா', அதற்குள் நீளமான எண்பெயர்களில் பல ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் ஆர்டிஎஃப் வகையில் ஒரு ஃபைல். ஸ்க்ரிவனர் திறக்க மறுத்தாலும் லிப்ரே ஆஃபீஸில் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து எழுத்தை மீட்கலாம். வாசிக்கவும் நகலெடுக்கவும் மட்டும் செய்யுங்கள். அங்கேயே திருத்திச் சேமித்தால் ஸ்க்ரிவனரின் கணக்கு குழம்பும்.

கேள்வி: விண்டோஸில் என்எச்எம் ரைட்டரில் தமிழ்99 தட்டச்சு செய்வேன். அதையும் வைனில் நிறுவினேன், எழுத்து வரவில்லை.
— பள்ளி ஆசிரியை, மார்த்தாண்டம்

பதில்: வராது, தேவையும் இல்லை. அந்த வகை மென்பொருள் கணினி முழுவதிலும் விழும் விசைகளைப் பிடித்து மாற்றுவது. வைனுக்குள் இருந்துகொண்டு லினக்ஸின் விசைகளை அது பிடிக்க முடியாது. லினக்ஸ் தரும் தமிழ்99-ஐயே பயன்படுத்துங்கள். சாஃப்ட்வேர் மேனேஜரில் 'ஐபஸ்-எம்17என்' நிறுவி, இன்புட் மெத்தட் சாளரத்தில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழின் கீழ் தமிழ்99-ஐச் சேர்த்தால் மற்ற இடங்களில் வருவதுபோல் ஸ்க்ரிவனரிலும் வரும். ஸ்க்ரிவனர் திறந்திருந்தபோது இதைச் செய்திருந்தால் மூடித் திறக்க வேண்டும்.

ஒரு தொல்லை உண்டு. கடைசியாக அடித்த எழுத்து அடிக்கோட்டுடன் காத்து நிற்கும். அந்த நேரத்தில் மவுஸால் வேறு வரியில் சொடுக்கினால் அந்த எழுத்து தொலையலாம். சொடுக்குமுன் ஒரு ஸ்பேஸ் தட்டும் பழக்கம் வந்துவிட்டால் போதும். தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகளாக விழுந்தால் ஐபஸைக் குறை சொல்லாதீர்கள். மின்டின் லாங்குவேஜஸ் அமைப்பில் மொழியும் பகுதியும் யுடிஎஃப்-8 என்று முடிகின்றனவா என்று பாருங்கள். எல்லாம் செய்தும் அடம்பிடித்தால் இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை இருக்கிறது. அதில் ஒரு விசைக்கு ஒரு குறி என்பதால் நடுவில் ஐபஸே வேண்டாம். தமிழ்99 பழகிய விரலுக்கு அது கசக்கும் என்பது வேறு விஷயம்.

ஸ்க்ரிவனரின் பிழைதிருத்தியில் தமிழ் இல்லை. எல்லாச் சொல்லுக்கும் சிவப்புக் கோடு போடும். ஆப்ஷன்ஸில் கரெக்‌ஷன்ஸ் பகுதியில் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: பழைய ஃபைல்களில் தமிழ் வேறு எழுத்துருவில், வரிகள் ஒட்டிக்கொண்டு தெரிகிறது. இடையிடையே திருவிதாங்கூர் ஆவணங்களிலிருந்து எடுத்த மலையாளப் பகுதிகள் வெறும் கட்டங்களாக இருக்கின்றன.
— வாசகர், கொல்லங்கோடு

பதில்: விண்டோஸில் லதா அல்லது நிர்மலா எழுத்துருவில் எழுதியிருப்பீர்கள். அவை லினக்ஸில் இல்லை, எனவே கிடைத்ததைக் கொண்டு வைன் ஒப்பேற்றுகிறது. நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது லோகித் தமிழை நிறுவுங்கள். லினக்ஸில் நிறுவிய எழுத்துருவை வைன் தானே எடுத்துக்கொள்ளும். ஸ்க்ரிவனரை மூடித் திறந்தால் போதும். பிறகு ஆப்ஷன்ஸில் எடிட்டிங், ஃபார்மட்டிங் பகுதியில் அதை இயல்பு எழுத்துருவாக்கி, பழைய பகுதிகளை இடப்பக்கப் பட்டியலான பைண்டரில் மொத்தமாகத் தேர்ந்து, டாக்குமென்ட்ஸ் மெனுவில் கன்வெர்ட் வழியாக இயல்பு வடிவத்துக்கு மாற்றுங்கள். அதற்கு முன் ஒரு பேக்கப்.

மலையாளத்துக்கு 'ஃபான்ட்ஸ்-எஸ்எம்சி' பொதி. மீரா, ரசனா, மஞ்சரி எல்லாம் அதில் உண்டு. கட்டங்கள் போன பிறகும் ன், ர், ல் போன்ற சில்லெழுத்துகள் சில இடங்களில் பிரிந்து தெரிந்தால் அது எழுத்துருவின் குற்றம் அல்ல. 2008-இல் வந்த யூனிகோட் 5.1-இல்தான் சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியீடு கிடைத்தது. அதற்கு முந்தைய முறையில் தட்டியவற்றில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்று இருக்கும். நகலெடுக்கும் வழியில் அது உதிர்ந்துவிட்டால் சந்திரக்கலை (மலையாளத்தின் புள்ளி) தனியே நிற்கும். தேடி மாற்றுவதுதான் வழி.

கேள்வி: நூலின் முழுத் தலைப்பைப் பெயராகக் கொடுத்துச் சேமித்தால் லினக்ஸில் பிழை வருகிறது. விண்டோஸில் இதே பெயர் சரியாக இருந்தது.
— வாசகர், நாகர்கோவில்

பதில்: லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'கன்னியாகுமரி' நம் கண்ணுக்கு 7 எழுத்து. கணினிக்குப் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி என்பதால் 12 குறி, அதாவது 36 பைட். அப்படி ஏழு சொல் சேர்ந்தாலே பெயர் நிரம்பிவிடும். விண்டோஸ் வேறு கணக்கில் எண்ணுவதால் அங்கே தடை வரவில்லை. பேக்கப் எடுக்கும்போது பெயரோடு தேதியும் சேர்க்கச் சொல்லியிருந்தால், நூல் சேமிக்கப்பட்டும் பேக்கப் மட்டும் தோற்கும்; அதுதான் அதிகம் பயப்பட வேண்டியது. இரண்டு சொல்லில் பெயர் வையுங்கள். முழுத் தலைப்பு அட்டையில் இருந்தால் போதும்.

கேள்வி: மழைக்காலத்தில் கரண்ட் போய்ப்போய் வரும். லேப்டாப் பேட்டரியும் செத்துவிட்டது. எழுதியது தங்குமா?
— வாசகி, குலசேகரம்

பதில்: விரலை எடுத்து 2 நொடியில் ஸ்க்ரிவனர் தானாகச் சேமிக்கும், ஆக, இழப்பு ஒன்றிரண்டு வரிதான். ஆனால் சேமிக்கும் அந்த நொடியிலேயே கரண்ட் போனால் அந்தப் பகுதியின் ஃபைல் 0 பைட்டாக நிற்க வாய்ப்புண்டு. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் பெறும் மாவட்டத்தில் இதைச் சாதாரணமாக எடுக்க முடியாது. பேக்கப் அமைப்பில், நாமாகச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் பேக்கப் எடுக்கும் தேர்வை டிக் செய்யுங்கள். ஒரு பத்தி முடிந்ததும் கன்ட்ரோல்-எஸ். பேட்டரி மாற்றுவதும் செலவுதான், ஆனால் அதற்கு மாற்று கிடையாது.

கேள்வி: கிராக் செய்த பதிப்பை வைனில் ஓட்டினால் வைரஸ் ஒன்றும் செய்யாதாமே?
— வாசகர், கருங்கல்

பதில்: செய்யும். இசட் டிரைவ் வழியாக உங்கள் ஹோம் ஃபோல்டர் முழுவதும் அதற்குத் திறந்திருக்கிறது.

கேள்வி: அச்சகத்தில் பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் கேட்கிறார்கள். ஸ்க்ரிவனரிலேயே பாமினியில் எழுதிவிடலாமா?
— சிற்றிதழ் ஆசிரியர், கோட்டாறு

பதில்: வேண்டவே வேண்டாம். அச்சகம் பக்க வடிவமைப்புக்குப் பேஜ்மேக்கர் வைத்திருக்கும். அது யூனிகோட் அறியாதது, அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். பாமினியில் எழுதினால் தேடல் ஓடாது, எழுத்துரு மாறினால் பக்கம் முழுதும் ஆங்கிலக் குப்பையாகும். யூனிகோடில் எழுதி, மெய்ப்பு முடிந்தபின் அச்சகத்துக்குக் கொடுக்கும் பிரதியை மட்டும் மாற்றிக் கொடுங்கள். அவர்கள் பிடிஎஃப் வாங்குவார்களா என்று முதலில் கேளுங்கள். வாங்கினால் மாற்றும் வேலையே மிச்சம்.

பிடிஎஃப் எடுக்க, பகுதிகளை ஒரே ஃபைலாக்கும் ஸ்க்ரிவனரின் கம்பைலில் டாக்எக்ஸ் எடுத்து லிப்ரே ஆஃபீஸில் திறங்கள். நீங்கள் எழுத்துருவை மாற்றினாலும் தமிழ் மாறாமல் அப்படியே நிற்கும். பலரும் திணறும் இடம் இது. லிப்ரே ஆஃபீஸில் தமிழுக்கான எழுத்துரு ஆங்கிலத்துக்கானதிலிருந்து தனி. டூல்ஸ், ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புக்குப் போய் 'காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' டிக் செய்தால்தான் அந்தப் பெட்டி கண்ணில் படும். பிறகு வரிகளைத் தேர்ந்து மாற்றாமல் ஸ்டைலில் ஒரே முறை மாற்றுங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடு தேவையா? லினக்ஸுக்கென்றே எழுதிய மென்பொருள் இல்லையா?
— வாசகர், பூதப்பாண்டி

பதில்: புதிதாகத் தொடங்குபவருக்குத் தேவையில்லை. நாவல்ரைட்டர், மேனுஸ்கிரிப்ட் இரண்டும் இலவசம். லினக்ஸில் நேராக ஓடும், தமிழ் தட்டச்சிலும் வைனின் தொல்லை கிடையாது. நாவல்ரைட்டர் எழுத்தை வெறும் டெக்ஸ்டாகவே சேமிப்பதால் எந்தக் காலத்திலும் திறக்கலாம். ஆனால் புனைவுக்கு வசதியானது. ஆவணப் படங்கள், பிடிஎஃப்கள் என்று குவித்துவைத்து எழுதுபவருக்குப் போதாது. ஏற்கெனவே ஸ்க்ரிவனரில் பாதி நூல் இருந்தால் அதை வைனிலேயே முடியுங்கள். அடுத்த நூலைப் புதியதில் தொடங்கலாம்.