மகள் வானத்துக் கடிகாரங்களைப் படிக்க விரும்புகிறாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

கையில் மென்பொருள் வேலை இருக்கும்போது, செயற்கைக்கோள் வழிகாட்டலில் (கைபேசி நாம் இருக்கும் இடத்தைக் காட்டுகிறதே, அந்தத் துறையில்) ஆராய்ச்சி செய்து பேராசிரியராவேன் என்று மகள் சொல்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும், தாமதமாகப் போடும். எம்.இ. இரண்டு ஆண்டு, அதன்பின் பிஎச்.டி. நான்கைந்து ஆண்டு. இளநிலை ஆராய்ச்சியாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசு விகிதப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். தனியார் கல்லூரி என்றால், அதைத் தருகிறார்களா என்று கேட்டுவிட்டே சேர வேண்டும். கல்யாணம் தள்ளிப்போகும் என்ற கவலையை அவளிடம் மறைக்காமல் இப்போதே பேசிவிடுங்கள். மறைத்தால் ஆய்வின் நடுவில் வெடிக்கும்.

இந்தத் துறைக்கு நேரம்தான் உயிர். செயற்கைக்கோள் சமிக்ஞை நம்மிடம் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். கடிகாரம் ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் தூரக் கணக்கு 30 சென்டிமீட்டர் பிசகும். நமது நாட்டின் சொந்த வழிகாட்டல் செயற்கைக்கோள் அமைப்பான நேவிக்குக்காக 2013-ல் ஏவிய முதல் செயற்கைக்கோளில் இருந்த மூன்று அணுக்கடிகாரங்களும் பழுதாயின. அவை வெளிநாட்டில் வாங்கியவை. 2023 மே மாதம் அதே அமைப்புக்காக ஏவிய என்.வி.எஸ்.-01 செயற்கைக்கோள், இங்கேயே செய்த ருபீடியம் அணுக்கடிகாரத்துடன் சென்றது. இப்படிப்பட்ட வேலைக்கு ஆள் வேண்டும், அந்த ஆட்களை உருவாக்க ஆசிரியர் வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. புவிகாந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் கோடு, நம் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. அதனால் பொழுது சாய்ந்த பின் மேலே அயனி மண்டலம் (மின்னூட்டத் துகள்கள் நிறைந்த மேல் வளிமண்டல அடுக்கு) கலங்கி, செயற்கைக்கோள் சமிக்ஞைகளை நடுங்க வைக்கிறது. நடு அட்சரேகை நாடுகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. இதை ஆராய நம் வானத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வகம் வைத்திருப்பதும் அதனால்தான். வழிகாட்டல் மின்னணுவியலுக்கென்றே ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வுப் பிரிவு இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். ஆய்வு நெறியாளரிடம் முன்பு பயின்றவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவர்களிடமே விசாரியுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் செயற்கைக்கோள் மூலத் தரவைப் பதிவு செய்யலாம். நான்கு செயற்கைக்கோள்களின் தரவைக் கொண்டு உங்கள் மொட்டைமாடியின் இருப்பிடத்தை அவளே கணக்கிடட்டும். இடத்துக்கு மூன்று எண், கடிகாரப் பிழைக்கு ஒன்று, அதனால்தான் நான்கு. விடை நாற்பது மீட்டர் தள்ளி விழுந்து, ஏன் என்று தேடி அவள் இரவு விழித்திருந்தால் அனுப்பிவையுங்கள். சலிப்பு வந்தால் வேலைக்குப் போகட்டும், அதில் குறைவொன்றும் இல்லை. அடுத்த மாதம் வரும்போது அந்தக் கணக்கு நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.