கேள்வி – பதில்: மதுரைக்கு ஒரு பாட்காஸ்ட்

கே: நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து மதுரை நடப்பு, மக்கள் பிரச்சினை, அரசியல் பற்றி பாட்காஸ்ட் ஆரம்பிக்கிறோம். யூடியூபில் ஆயிரம் பேர் பேசுறான், உங்களை எவன் கேட்பான் என்கிறார்கள் வீட்டில். – வாசகர், செல்லூர்

ப: வீட்டில் கேட்பது நியாயம்தான். அடுத்த முதல்வர் யார் என்று நீங்களும் மைக் முன்னால் உட்கார்ந்தால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், அதற்குச் சென்னையில் ஸ்டுடியோவே போட்டு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் 2024 அக்டோபர் மழையில் உங்கள் செல்லூரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே, கேமராக்கள் வந்தன, தண்ணீர் வடிந்ததும் போய்விட்டன. அதற்கப்புறம் என்ன ஆச்சு என்று யார் சொல்கிறார்கள்? செல்லூர் கண்மாயிலிருந்து பந்தல்குடி கால்வாய் வைகையில் விழுகிற இடம் வரை நடந்து போங்கள், எங்கே குப்பை அடைக்கிறது, எங்கே சாக்கடை கலக்கிறது என்று கரையில் குடியிருப்பவர்களையே பேச விடுங்கள், முதல் எபிசோடு ரெடி. தூர்வார எவ்வளவு செலவு செய்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தரவேண்டும். மாநகராட்சிக்கு ஒன்று, நீர்வளத் துறைக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள், இல்லையென்றால் இவர் அவரைக் கைகாட்டுவார். வருகிற பதிலை அப்படியே வாசித்தாலே இரண்டாவது எபிசோடு.

கே: எங்கள் பகுதிப் பையன்கள் பாட்காஸ்ட் நடத்துகிறார்கள், நன்றாகவே இருக்கிறது. கட்சி அரசியல் மட்டும் பேசவே மாட்டோம் என்கிறார்கள். அது சரியா? – வாசகி, திருநகர்

ப: பயம் புரிகிறது, ஆனால் முடியாதம்மா. அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் மாநில அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர், 2024 நவம்பரில் அந்தப் பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது என்று மத்திய அரசு சொல்ல, மேலூர்ப் பக்கத்து ஜனம் தெருவுக்கு வந்தது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்து. ரத்தானதும் எல்லாக் கட்சிக்காரரும் எங்களால்தான் என்றார்கள்! இதைக் கட்சி பெயர் சொல்லாமல் எப்படிப் பேசுவது? பெயர் சொல்லட்டும், எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கட்டும், அவ்வளவுதான்.

அப்புறம், உங்கள் திருநகரே 2011-ல்தான் பேரூராட்சியிலிருந்து மாநகராட்சிக்குள் வந்தது, அப்போதுதான் 72 வார்டு 100 ஆனது. வரி ஏறியதே, அதற்கேற்ற சாக்கடையும் குடிநீரும் வந்ததா என்று கவுன்சிலரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். வர மறுத்தால் மறுத்தார் என்பதையும் சொல்லட்டும், கிண்டல் மட்டும் வேண்டாம். ஆதாரம் கையில் இல்லாமல் லஞ்சம், ஊழல் என்று தனி ஆளின் மேல் சொல்வதும் வேண்டாம், அவதூறு வழக்கு வந்தால் கோர்ட்டுக்கு நடக்கிற நடையில் பாட்காஸ்ட்டே நின்றுபோகும்.

கே: எவ்வளவு செலவாகும்? – வாசகர், வில்லாபுரம்

ப: காலர் மைக் ஒன்று, கையில் இருக்கிற போன், வெட்டி ஒட்ட கம்ப்யூட்டரில் ஓடும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். ஸ்பாட்டிஃபையில் ஏற்றவும் காசு கிடையாது. கீழவாசல் மாதிரி இடத்தில் மட்டும் சாயங்காலம் பேட்டி எடுக்காதீர்கள், ஹாரன்தான் கேட்கும்.