நான்கு விடையும் சரியாகத் தெரிவது ஏன்?

அன்புள்ள சகோதரிக்கு,

குடியாத்தத்திலிருந்து டாலஸ் வந்து எட்டு மாதமாகிறது என்றும், ஊரில் ஆங்கிலத்தில் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்கிய உங்கள் மகள், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் பயிற்சித் தேர்வில் வாக்கியத்தைத் திருத்தும் கேள்விகளில் மட்டும் சறுக்குகிறாள் என்றும், கேட்டால் “நாலுமே சரியாத்தான் இருக்கு” என்கிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். எந்த இலக்கணப் புத்தகம் வாங்கலாம் என்பது உங்கள் கேள்வி. எதுவும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ராணிப்பேட்டையில் படித்த நான் 2009இல், மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் நுழைவுத் தேர்வு எழுதியபோது இதே இடத்தில்தான் தடுமாறினேன். (அந்தத் தேர்வின் 2023ஆம் ஆண்டுப் புதிய வடிவத்தில் வாக்கியத் திருத்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள், கேள்விப்பட்டபோது எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.)

உங்கள் மகளுக்கு விதிகள் தெரியும். வாசித்துப் பார்த்து, காதுக்கு இசைவாக ஒலிப்பதை அவள் தேர்ந்தெடுக்கிறாள். அந்தக் காது தமிழில் பழகிய காது. “மாம்பழங்கள் நிறைந்த கூடை வந்தது” என்னும்போது அடைமொழி முழுவதும் முன்னால் போய்விடுவதால், எழுவாயும் வினையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஆங்கிலத்தில் அடைமொழி பெயருக்குப் பின்னால் வந்து இரண்டையும் பிரித்துவிடுகிறது. “த பாஸ்கெட் ஆஃப் மாங்கோஸ்” என்று முடிந்தவுடன் காதில் நிற்பது மாம்பழங்கள்தான். ஆகவே கை “ஆர்” என்பதற்குப் போகிறது, விடையோ “இஸ்”. போதாக்குறைக்கு, “மாடுங்க வந்துச்சு” என்று பன்மைக்கு ஒருமை வினை போட்டே வளர்ந்தவர்கள் நாம்.

இதைவிட நுட்பமானது பொருட்பிழை. “வாக்கிங் டு ஸ்கூல், த ரெயின் ஸோக்ட் மீ” என்ற வாக்கியத்தில் சொற்களெல்லாம் ஒழுங்காகவே இருக்கின்றன. ஆனால் பள்ளிக்கு நடந்து போனது மழை என்று பொருளாகிறது. காற்புள்ளிக்கு அடுத்து, நடந்த ஆள் வர வேண்டும். இது நமக்குப் புதிய விதியன்று. “செய்து” என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடிய வேண்டும், அதாவது இரண்டு வினையையும் செய்தவர் ஒருவராகவே இருக்க வேண்டும் என்று தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது. ஆயினும் “மழை பெய்து காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பியது” என்பதை நாம் கூசாமல் சொல்கிறோம். பெய்தது ஒன்று, நிரம்பியது இன்னொன்று. “போகும்போது”, “போகையில்” என்பவற்றுக்கோ அந்தக் கட்டுப்பாடே கிடையாது. அந்தத் தாராளத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் மதிப்பெண் போய்விடும்.

ஒப்பீட்டில் எனக்கு நேர்ந்ததும் இதுதான். “வேலூர் வெயில் சென்னையைவிட அதிகம்” என்றால் ஊரில் யாரும் திருத்த மாட்டார்கள். ஜிமேட்டிலோ வெயிலை வெயிலோடுதான் ஒப்பிட வேண்டும், ஊரோடு ஒப்பிடக் கூடாது. அப்படிப்பட்ட கேள்விகளை வரிசையாகத் தவறவிட்ட பிறகுதான், வாக்கியம் எப்படி ஒலிக்கிறது என்பதை விட்டுவிட்டு அது உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

நிறுத்தற்குறிகள் அவ்வளவு சிக்கல் இல்லை: முழுமையான இரண்டு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டக் கூடாது என்பதை மட்டும் அவள் மனத்தில் பதித்துக்கொண்டால் பெரும்பகுதி சரியாகிவிடும்.

எஸ்.ஏ.டி.யின் வாசிப்பு, எழுத்துப் பிரிவில் 54 கேள்விகளுக்கு 64 நிமிடம். அவற்றில் ஏறத்தாழக் கால்வாசி இந்த இலக்கணக் கேள்விகள்தாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் ப்ளூபுக் செயலியில் பயிற்சித் தேர்வுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் இரண்டு வாரம் நேரத்தைப் பாராமல், ஒவ்வொரு வாக்கியத்திலும் வினையை அடிக்கோடிட்டு, அதைச் செய்தது யார் என்று தமிழிலேயே ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். விடைகளை அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.