பெரிய பேட்டரி புதுசு, சின்ன பேட்டரி?

கேள்வி: அப்பா 1980களின் கடைசியில் வாங்கிய சிற்றலை ரேடியோ ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அலைவரிசையை எண்ணில் காட்டும் ஜப்பான் செட். அடியில் மூன்று டி சைஸ் பேட்டரி, அதோடு இரண்டு ஏஏ பேட்டரி. பெரிய பேட்டரி மூன்றையும் புதிதாகப் போட்டுவிட்டேன். அப்படியும் பொத்தானை அழுத்தினால் திரை ஒரு தடவை மினுக்கி அணைந்துவிடுகிறது. அடாப்டரில் சில நாள் பாடுகிறது, சில நாள் இல்லை. இரவு சேமித்த நிலையங்களும் கடிகார நேரமும் காலையில் காணோம். பழுது பார்ப்பவர் ஒருவர், “ஐசி போயிருச்சு, தூக்கிப் போடுங்க” என்கிறார். மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
– சிங்கப்பூர் ஈசூன் வாசகி

பதில்: தூக்கிப் போடாதீர்கள். ஐசி, அதாவது உள்ளே இருக்கும் மின்னணுச் சில்லு, செத்த செட் பெரும்பாலும் ஒரேயடியாகப் படுத்துவிடும். நாள் பார்த்துப் பாடாது. எனக்குத் துப்பு கொடுத்தது நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. பெரிய பேட்டரி மூன்றையும் மாற்றினீர்கள், சரி. அந்த இரண்டு ஏஏ பேட்டரியை எப்போது மாற்றினீர்கள்?

அந்தக் காலத்து டிஜிட்டல் செட்டுகள் பலவற்றில் மின்சாரம் இரண்டு வழியாகப் போகும். ஒலிப் பகுதிக்கும் அலைவாங்கும் பகுதிக்கும் பெரிய பேட்டரி. கடிகாரம், நினைவகம், பொத்தான்களைக் கவனிக்கும் சின்னக் கணினிச் சில்லு ஆகியவற்றுக்கு ஏஏ. சோனி ஐசிஎஃப்-2001டி செட்டிலும் இதே மூன்றும் இரண்டும்தான். இதில் இருக்கும் பவர் பொத்தான் பழைய வால்வு ரேடியோவின் சுவிட்சைப் போல் தானே மின்சாரத்தைத் திறந்து மூடுவதில்லை. அது சில்லுக்குச் சைகை கொடுக்கும், சில்லுதான் மின்சாரத்தைத் திறந்துவிடும். சில்லு அரைப்பட்டினியில் கிடந்தால், பெரிய பேட்டரி எவ்வளவு புதுசாக இருந்தும் செட் மினுக்கிவிட்டுத் தூங்கிவிடும். நினைவு அழிவதும் அதே பட்டினியால்தான்.

ஆகவே முதல் வேலை இரண்டு புதிய ஏஏ அல்கலைன் பேட்டரி. ரீசார்ஜ் பேட்டரி வேண்டாம், ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான், இரண்டும் சேர்ந்து 3 வோல்ட் தர வேண்டிய இடத்தில் 2.4 நிற்கும். அதே அளவில் 3.7 வோல்ட் லித்தியம் அயன் பேட்டரியும் கடைகளில் கிடைக்கிறது. தவறியும் அதைப் போட்டுவிடாதீர்கள், அப்புறம் ஐசி நிஜமாகவே போய்விடும்.

போடுவதற்கு முன் பெட்டியின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தப் பூப்பு சும்மா இருக்காது. காது குடையும் பஞ்சுக்குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடையுங்கள், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். பளபளவென்று ஆகிவிட்டதே என்று நிம்மதியடைய வேண்டாம். கசிவு சில சமயம் ஸ்பிரிங்கோடு பற்றவைத்த கம்பியின் உறைக்குள்ளேயே ஏறி, செம்பைக் கறுப்பாக்கிவிடும். வெளியே கம்பி முழுசாகத் தெரியும், மின்சாரம் மட்டும் போகாது.

இதைப் பிடிக்க வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். சாதாரணமானதே போதும், சிம் லிம் டவரில் கிடைக்கும். பக்கத்து சிம் லிம் ஸ்குவேரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அங்கே கணினிச் சாமான்தான் அதிகம். பேட்டரியைத் தனியே வெளியே எடுத்து அளப்பதால் பெரிய பயனில்லை. களைத்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது 1.4 வோல்ட் காட்டி ஏமாற்றும். செட்டுக்குள் வைத்து, பொத்தானை அழுத்தும் அந்த நொடியில் அளவு எவ்வளவு சரிகிறது என்று பாருங்கள். பேட்டரி முனையில் சரியாமல் நின்று, கம்பியின் மறுமுனையில் மட்டும் சரிந்தால் குற்றவாளி நடுவில்தான்.

அடுத்த சந்தேகம் அடாப்டர் குத்தும் துளை. பல செட்டுகளில் அதற்குள் ஒரு சின்னத் தகடு இருக்கும். பிளக் நுழைந்தால் பேட்டரி இணைப்பை அது துண்டிக்கும், எடுத்தால் சேர்க்கும். தகட்டில் களிம்பு பிடித்தால் பிளக்கை எடுத்த பிறகும் இணைப்பு திரும்பாது. ஐசி போனதாகத் தீர்ப்பு வாங்கிய செட்டுகளில் சிலவற்றுக்கு உண்மையில் இவ்வளவுதான் வியாதி. பேட்டரிகளைக் கழற்றிவிட்டு, அடாப்டரைச் சுவரில் சொருகாமல், பிளக்கை மட்டும் இருபது தடவை குத்தி எடுங்கள். மின்முனைகளைச் சுத்தம் செய்யும் காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டால் இன்னும் நல்லது.

அடாப்டர் அப்பா காலத்து அசல்தானா? வேறு என்றால், செட்டின் பின்னால் அச்சிட்ட வோல்ட்டையும் நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்ற குறியையும் ஒப்பிடாமல் குத்தாதீர்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் சிலவற்றில் 4.5 என்று எழுதியிருந்தாலும் சுமையில்லாதபோது 6க்கு மேல் வரும். இன்றைய இலேசான அடாப்டர்களில் வேறு தொல்லை, சிற்றலை முழுக்க இரைச்சல். கேட்பதற்குப் பேட்டரியே மேல்.

இவ்வளவும் சரியாகியும் செட் முரண்டு பிடித்தால் எல்லா பேட்டரியையும் அடாப்டரையும் கழற்றி அரைமணி நேரம் விடுங்கள். குழம்பிய சில்லு சில நேரம் அதில் தெளியும். அதற்கும் மசியவில்லையென்றால் பழுதுக் கடைதான். மின்வழிப் பகுதியில் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். முப்பத்தைந்து வயதில் அவை வற்றியோ கசிந்தோ இருக்கும்.

ஒரு நியாயத்துக்காக அந்தப் பழுதுக்காரர் பக்கமும் சொல்லிவிடுகிறேன். ஐகாம் ஆர்-71 போன்ற மேசை செட்டில் உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி உண்டு. அது தீர்ந்தால் செட்டை இயக்கும் நிரலே அழிந்து, செட் பிணமாகிவிடும். அப்படிப்பட்டதைப் பார்த்த கைக்கு அந்தப் பயம் வரும். உங்களுடையது அந்த ரகமில்லை.

கடைசியாகச் சோதனை. அப்பா கேட்ட பழைய அலைவரிசைகளை வைத்துச் சோதிக்காதீர்கள். பிபிசி தமிழோசை 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. அங்கே மௌனம் என்றால் செட்டின் மேல் பழியில்லை. இரவில் சன்னலோரம் ஏரியலை முழுக்க நீட்டி 10,000 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். சீனாவின் நேரக்குறி நிலையம் விநாடிக்கு ஒரு டிக் அனுப்பும். கேட்டதும் அதை முதல் பொத்தானில் சேமித்து, செட்டை அணைத்து, பெரிய பேட்டரி மூன்றையும் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் அவற்றைப் போட்டு அந்தப் பொத்தானை அழுத்தும்போது திரையில் 10,000 வந்தால் நினைவகம் பிழைத்துக்கொண்டது.