ஆம்பூர் பிரியாணிக்கு எந்த ரெட் ஒயின்?

தம்பி, ஆபீஸ்ல ஒயின் குடிக்கக் கூப்பிடுறாங்க, என்ன கேட்கிறதுன்னு தெரியல. ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு நம்ம ஊர் பிரியாணி போடப் போறேன், கூட எந்த ரெட் ஒயின் வைக்கலாம்னு கேட்டிருந்தீங்க. ரெண்டுக்கும் டிரோலிங்கர்ங்கிற ரெட் ஒயினே போதும்.

நீங்க ஜெர்மனியில வந்து இறங்கியிருக்கிற ஹைல்ப்ரோனைச் சுத்தி, நெக்கார் ஆத்துச் சரிவுல விளையிற திராட்சை. பெரும்பாலும் அந்த வூர்ட்டம்பெர்க் பகுதி ஆளுங்களே குடிச்சுத் தீர்த்துடுவாங்க, அதனால வெளியூர்ல பேர் கிடையாது. ஒயின் தெரிஞ்சவங்க சிலபேர் தண்ணியா இருக்குன்னு மூஞ்சியைச் சுளிப்பாங்க, விட்டுத்தள்ளுங்க. வெளிறின சிவப்பு, துவர்ப்பு கம்மி, லேசான புளிப்பு. வட ஆற்காட்டுக் காரத்துக்கு அதுதான் தோது.

ஆம்பூர் பிரியாணியில கரம் மசாலாவை விட ஊறவெச்சு அரைச்ச காஞ்ச மிளகாய்தான் முன்னாடி நிக்கும். துவர்ப்பும் ஆல்கஹாலும் தூக்கலா இருக்கிற ஒயினை அதுக்கு மேல குடிச்சா நாக்கு இன்னும் எரியும். அந்த மாதிரி பிரெஞ்சு ஒயினான போர்தோ பாட்டில் வாங்கினீங்கன்னா காசும் போச்சு, பிரியாணியும் போச்சு. டிரோலிங்கரை அரைமணி நேரம் ஃபிரிட்ஜில வெச்சு, 14 டிகிரி வாக்குல ஊத்துங்க. எண்ணெய்க் கத்திரிக்காயோட புளிக்கும் அது ஈடு கொடுக்கும்; புளிப்பில்லாத ஒயின் அங்க சப்புன்னு போயிடும். மிளகு போட்ட மட்டன் சுக்கான்னா, இதே ஊர் லெம்பெர்கர்ங்கிற இன்னொரு ரெட் ஒயின். நிறமும் துவர்ப்பும் கொஞ்சம் கூட. ஓக் பீப்பாயில ஊறினது மட்டும் வேண்டாம்.

வேலூர் நேதாஜி மார்க்கெட்ல வாங்கித் தின்ன பன்னீர் திராட்சை ஞாபகம் இருக்கா? அது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். டிரோலிங்கரையும் அலெக்சாண்ட்ரியா மஸ்கட்டையும் சேர்த்துப் பிறந்தது. ஒருவகையில சொந்தக்காரர்தான்!

ஆபீஸ்காரங்க கூட்டிட்டுப் போறது பேசனுக்கா இருக்கும். தோட்டக்காரரே தன் ஒயினை விக்கிற இடம். திறந்திருந்தா வாசல்ல துடைப்பம் தொங்கும். வருஷத்துல 4 மாசம்தான் திறக்கலாம், 40 பேர்தான் உட்காரலாம். ‘ஃபியர்டெலெ’ன்னு கேட்டா கைப்பிடி வெச்ச கிளாஸ்ல கால் லிட்டர் வரும். சாப்பிட லின்சன் கேளுங்க: வினிகர் விட்ட பயறு, ஸ்பெட்ஸ்லெ நூடுல்ஸ். மேல சாசேஜ் வைப்பாங்க, வேண்டாம்னா முன்னாடியே சொல்லிடுங்க. மௌல்டாஷன்னு உள்ள பூரணம் வெச்ச மாவுப் பண்டம் ஒண்ணு இருக்கும், அதுல பெரும்பாலும் பன்னிக்கறி இருக்கும். குடிக்கிற பழக்கம் இல்லைன்னா திராட்சை ஜூஸ் வாங்கிக்கோங்க, அதுவும் அங்கேயே இருக்கும்.

கார் எடுக்காதீங்க. புது லைசென்ஸ்காரங்களுக்கு முதல் 2 வருஷம் ஒரு சொட்டுகூட ஆகாது.